31 பாட்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் 2024-ல் வந்த வெளிநாட்டு ஆல்பங்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். நன்றி. சினிமாப் பாட்டைத் தாண்டி இதற்கெல்லாம் நம் பத்திரிகைகளில் இடம் கிடைப்பதே அபூர்வம். ஆனால் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் ஆல்பத்தைப் பற்றி எழுதியவர், அதில் 31 பாட்டு இருப்பதை ஆடித் தள்ளுபடி ரேஞ்சுக்குக் கொண்டாடியிருந்தாரே, அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அந்த ஆல்பம் ஏப்ரல் 19 அன்று 16 பாட்டோடு வந்தது. ரசிகர்கள் அதையே கேட்டு முடித்திருக்க மாட்டார்கள், இரண்டு மணி நேரத்தில் இன்னும் 15 பாட்டு வந்து இறங்கியது. மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எனக்கு அந்தப் பெண் மேல் எந்தக் கோபமும் இல்லை, 2020-ல் ஊரடங்கு சமயத்தில் அவர் வெளியிட்ட 'ஃபோக்லோர்' இன்றும் என் போனில் இருக்கிறது. ஆனால் இதில் எது எந்தப் பாட்டு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. ப்ளஸ் டூ படிக்கும் என் மகள் அவருடைய தீவிர ரசிகை, அவளிடம் "அந்த இரண்டாவது 15-ல் உனக்குப் பிடித்ததைச் சொல்லு" என்றேன். யோசித்து யோசித்து மூன்று சொன்னாள். மீதியை ஸ்கிப் பண்ணித்தான் கேட்டாளாம்.

இவ்வளவு நீளம் ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, உங்கள் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆல்பங்களை விற்பனைப்படி வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில், காசு கட்டிக் கேட்கும் சந்தாதாரர்கள் ஒரு ஆல்பத்தின் பாடல்களை மொத்தம் 1,250 முறை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதாக 2024-ல் வைத்துக்கொண்டார்கள். பத்துப் பாட்டு உள்ள ஆல்பம் என்றால் முதலிலிருந்து கடைசிவரை 125 முறை ஓட வேண்டியிருந்தது. 31 பாட்டு என்றால்? நாற்பது முறையும் கொஞ்சமும் போதுமாக இருந்தது. ஸ்பாட்டிஃபையில் முப்பது வினாடி ஓடிவிட்டாலே ஒரு முறை கேட்ட கணக்கில் சேர்ந்துவிடும், முழுப் பாட்டையும் கேட்க வேண்டியதில்லை. அப்புறம் யார் பாட்டைக் குறைப்பார்கள்?

முன்பு குறைத்தது இசைக்காரர்களின் நல்ல மனசு என்று நான் சொல்ல வரவில்லை. எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம்தான் நன்றாகப் பதியும், அதனால் வேறு வழியில்லாமல் எதையாவது வெட்டினார்கள். கேசட் காலத்தில் அந்த வெட்டும் வேலையை எங்கள் ஊர் ரெக்கார்டிங் சென்டர்காரர் எடுத்துக்கொண்டார். 1992 என்று நினைவு, 'தி க்யூர்' என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'டிஸ்இன்டெக்ரேஷன்' ஆல்பத்தை 90 நிமிடக் கேசட்டில் பதியக் கொடுத்தேன். சிடியிலிருந்து பதிவது என்று கூடுதலாகக் காசு வாங்கினார். முதல் பக்கம் முடியும் இடத்தில் ஒரு பாட்டைப் பாதியில் அறுத்துவிட்டார். கடைசியில் கொஞ்சம் நாடா மிச்சம் இருந்திருக்கிறது, அதை வீணாக்க மனசு வரவில்லை போல, டிஸ்கோ குழுவான போனி எம்மை ஏற்றிக் கொடுத்தார். உலகமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு ஆல்பம் முடிந்து, நான் இருட்டில் உம்மென்று படுத்திருக்கும்போது டிஸ்கோ ஆரம்பிக்கும். கேட்டதற்கு, "தம்பி, இதெல்லாம் ஃப்ரீ" என்றார்.

அதே க்யூர் குழு 16 ஆண்டு கழித்து 2024 நவம்பர் 1 அன்று புது ஆல்பம் வெளியிட்டதே, அதை உங்கள் பக்கத்தில் இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அதுதான் எனக்கு உண்மையான வருத்தம். எட்டே பாட்டு, ஐம்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முதல் பாட்டில் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கவே மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகிறது. முப்பது வினாடிக்குள் கேட்பவரைப் பிடித்துவிட வேண்டும் என்று எல்லாரும் பறக்கும் காலத்தில் இந்த மனிதர் டிரம்ஸையும் கீபோர்டையும் நிதானமாக நடக்கவிட்டு, நீ இருந்தால் இரு, போனால் போ என்று நிற்கிறார். கடைசிப் பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல், அதில் குரல் வருவதற்கே ஆறு நிமிடம் ஆகிறது. அந்த ஆறு நிமிடமும் கிடார் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும், ஒரு கட்டத்தில் குரல் வர வேண்டும் என்ற நினைப்பே போய்விடுகிறது. நடுவில் அவருடைய அண்ணன் இறந்ததைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. பியானோவில் சின்னதாக ஒரு மெட்டு, அதையே திரும்பத் திரும்ப. எனக்கும் அண்ணன் போய் மூன்று வருடம் ஆகிறது, அதனால் அதைப் பற்றி நடுநிலையாக எழுத என்னால் முடியாது.

ஸ்மித்துக்கு 65 வயதாகும்போது, 1992-க்குப் பிறகு முதல்முறையாக இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தார்கள். எட்டுப் பாட்டை வைத்துக்கொண்டு!

சரி, கிழவர்களை மட்டும் தூக்கிப் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இளம் பாடகி பில்லி ஐலிஷ் மே மாதம் வெளியிட்ட ஆல்பத்திலும் பத்துப் பாட்டுதான், 44 நிமிடத்தைத் தாண்டாது. முன்கூட்டியே ஒரு பாட்டைக்கூட விடாமல், மொத்தமாகக் கேளுங்கள் என்று கொடுத்தார். அவரும் அண்ணன் ஃபினியஸும் சேர்ந்து செய்தது. அதில் ஒரு பாட்டு மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் திடீரென்று டான்ஸ் பீட்டுக்கு மாறும், முதல்முறை கேட்டபோது போனில் வேறு ஏதோ ஓடுகிறது என்று எடுத்துப் பார்த்தேன். பில்போர்டில் இந்த ஆல்பம் வந்த வாரம் இரண்டாம் இடம்தான். முதலிடத்தில் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

லிங்கின் பார்க் ராக் குழு பற்றி உங்கள் ஆள் கடுமையாக எழுதியிருந்தார், பழைய பாடகர் செஸ்டர் பென்னிங்டன் இல்லாமல் அந்தப் பெயரையே வைத்திருக்கக் கூடாது என்று. 2017-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று, ஹாஸ்டலில் இருந்த என் அக்கா மகன் போன் பண்ணி அழுதான், அதனால் அந்த உணர்ச்சி எனக்கும் புரிகிறது. ஆனால் அவர் இடத்துக்கு வந்த எமிலி ஆர்ம்ஸ்ட்ராங் செஸ்டரைப் போலப் பாட முயலவில்லை, தன் தொண்டையில்தான் கத்துகிறார், நன்றாகவே கத்துகிறார். முழு ஆல்பமும் 32 நிமிடம். பஸ்ஸில் ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடுகிறது. அக்கா மகன் இன்னும் கேட்கவில்லையாம்.

நீளமாக இருப்பதெல்லாம் மோசம் என்று அடித்துச் சொல்ல முடியாதபடி பியான்சே ஒரு வேலை செய்துவிட்டார். 'கவ்பாய் கார்ட்டர்' 27 தடம், ஏறக்குறைய எண்பது நிமிடம். ஆனால் அதை ஒரு ரேடியோ நிலையம் மாதிரி கட்டியிருக்கிறார், 'கன்ட்ரி' எனும் அமெரிக்கக் கிராமிய இசைப் பாடகர் வில்லி நெல்சன் அறிவிப்பாளராக வந்து பேசுகிறார், 1970-லேயே கன்ட்ரி ஆல்பம் போட்ட கறுப்பினப் பாடகி லிண்டா மார்ட்டெல்லும் வருகிறார். அதற்கு அந்த நீளம் வேண்டும். இருந்தும் எல்பி தட்டுக்குக் காசு கொடுத்தவர்களுக்குச் சில பாட்டு குறைந்துதான் கிடைத்தது, பாவம்.

பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ், தன் 'பிராட்' ஆல்பம் வந்த மூன்றாம் நாளே இன்னும் மூன்று பாட்டைச் சேர்த்து மறுபடி விட்டார். அதே ஆல்பம்தான், மூன்று பாட்டு கூட இருப்பதால் அதே ஆல்பம் இல்லை என்று தலைப்பிலேயே கிண்டலாகப் போட்டுவிட்டதால் நான் மன்னித்துவிட்டேன்.

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். சினிமா விமர்சனத்தில் படம் எத்தனை நிமிடம் என்று போடுகிறீர்கள் அல்லவா, ஆல்பத்துக்கும் அதைப் போடுங்கள். அப்புறம், ஆல்பம் வந்த மறுநாளே நட்சத்திரம் கொடுக்க வேண்டாம். இரண்டு மணி நேர ஆல்பத்தை உங்கள் ஆள் ராத்திரியோடு ராத்திரியாக எத்தனை முறை கேட்டிருக்க முடியும்?

இப்படிக்கு,
முப்பது வருட வாசகர்,
திருச்சி

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்கு முன் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். "அப்பா, உங்க டிஸ்இன்டெக்ரேஷன் மட்டும் 72 நிமிஷம் ஓடுதே, அதை ஏன் விட்டுட்டீங்க?" என்றாள். 72 நிமிஷமானாலும் 12 பாட்டுதானே என்று சொல்லிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.