விமானி தகுதித் தேர்வில் ‘அடுத்த முறை’ கிடையாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய விமானப்படையில் விமானியாகச் சேர விரும்பும் இளைஞர்களுக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்று சென்ற வாரம் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் வெளிவந்தது. விமானப்படையின் பொது நுழைவுத் தேர்வான ஏஎஃப்கேட் எழுத்துத் தேர்வைப் பற்றியும், அதில் தேறியவர்களை நேரில் அழைத்துச் சோதிக்கும் தேர்வு வாரிய நாட்களைப் பற்றியும் அதில் சொல்லியிருந்தவை பெரும்பாலும் சரியானவை. ஆனால், கணினிவழி விமானித் தேர்வான சி.பி.எஸ்.எஸ். பற்றி எழுதும்போது, “இதில் தவறினாலும் மனம் தளர வேண்டியதில்லை, அடுத்த முறை மீண்டும் முயலலாம்” என்று ஒரு வரி இடம்பெற்றிருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தி வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சி.பி.எஸ்.எஸ். தேர்வையோ, அதற்கு முன்பிருந்த பி.ஏ.பி.டி. தேர்வையோ ஒருமுறை எழுதித் தவறியவர் பறக்கும் பிரிவுக்கு மீண்டும் விண்ணப்பிக்கத் தகுதியற்றவர் என்பது விமானப்படையின் ஆள்சேர்ப்பு அறிவிக்கையிலேயே உள்ள விதி. ஏஎஃப்கேட் எழுத்துத் தேர்வை வயது வரம்பு இடம்கொடுக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். தேர்வு வாரியத்தில் தேறாமல் திரும்பியவரும் மீண்டும் போகலாம். தரைப் பணிப் பிரிவுகளின் கதவும் திறந்தே இருக்கும். விமானி இருக்கைக்கான இந்தத் தேர்வு மட்டும் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் தங்கை மகன் பொறியியல் முடித்த கையோடு எழுத்துத் தேர்வில் தேறி மைசூருவிலுள்ள தேர்வு வாரியத்துக்கு அழைக்கப்பட்டான். நகரத்தில் அவன் பணம் கட்டிச் சேர்ந்திருந்த பயிற்சி மையத்தில், “முதல் தடவை சும்மா அனுபவத்துக்காகப் போய்விட்டு வா, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லி அனுப்பினார்கள். பையனும் அதை நம்பி, சென்ட்ரலில் காவேரி எக்ஸ்பிரஸ் ஏறும்போது ஏதோ கல்லூரிச் சுற்றுலாவுக்குப் போவதுபோலத்தான் போனான். வாரியத்தின் எல்லாக் கட்டங்களையும் தாண்டி, கடைசியில் சி.பி.எஸ்.எஸ். தேர்வில் தவறிய பிறகுதான் விதி என்ன என்பதே அவனுக்குத் தெரிந்தது. இன்று அவன் சிறுசேரியில் நல்ல வேலையில் நன்றாகவே இருக்கிறான், அது வேறு விஷயம். ஆனால் அன்று அவனுக்கு ஒரு வரி சரியாகச் சொல்லியிருந்தால், இன்னும் ஆறு மாதம் பொறுத்துத் தயாராகிப் போயிருப்பான்.

குரோம்பேட்டையில் படித்த அப்துல் கலாம் டேராடூன் தேர்வு வாரியத்தில் 25 பேரில் ஒன்பதாவதாக வந்து, எட்டுப் பேரோடு தேர்வு முடிந்துவிட்டதால் விமானியாக முடியாமல் திரும்பிய செய்தியைத் தங்கள் கட்டுரையும் ஆறுதலுக்காக எடுத்துக்காட்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஆறுதல் தேர்வுக்குப் பின்னால் சொல்ல வேண்டியது. முன்னால் சொல்ல வேண்டியது விதி.

ஒரே ஒரு வாய்ப்பு என்பது கொடுமையாகத் தோன்றலாம். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. நான் விமானி அல்லன். விமானப்படையில் இருபது ஆண்டுகள் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டராக, விமானி பார்க்கும் கருவிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவன். புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் ஒருவர் அதை எவ்வளவு விரைவாகக் கையில் பிடித்துக்கொள்கிறார் என்பதையே இத்தகைய தேர்வு பெரும்பாலும் அளக்கிறது. இரண்டாம் முறை வருபவருக்கு அது புதிதாக இருக்காது, அளவும் பொய்யாகிவிடும். அமெரிக்காவில்கூடத் தரைப்படையின் ஹெலிகாப்டர் விமானித் தேர்வை வாழ்நாளில் இரண்டு முறையும், கடற்படை விமானித் தேர்வை மூன்று முறையும்தான் எழுதலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம்முடைய விதி அதைவிடக் கடுமையானது, ஆனால் காரணம் இல்லாதது அன்று.

அப்படியானால் இதற்குத் தயாராகவே முடியாதா என்று சேலையூரில் என் வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்கிறார்கள். தாம்பரம் விமானப்படைத் தளம் பக்கத்திலேயே இருப்பதாலும், விமானப் பயிற்றுநர்களுக்கே பயிற்சி தரும் பள்ளி 1954 முதல் அங்கே இயங்கிவருவதாலும், பயிற்சி விமானங்களைத் தலைக்குமேல் பார்த்தே வளரும் பிள்ளைகள் எங்கள் பகுதியில் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது, கேள்விகளை மனப்பாடம் செய்து தயாராக முடியாது, ஆனால் அந்த அறைக்குள் காதில் விழும் சொற்கள் அந்நியமாக இல்லாதபடி செய்துகொள்ள முடியும் என்பதே.

கைகால் ஒருங்கிணைப்பை எடுத்துக்கொள்வோம். பழைய பி.ஏ.பி.டி. காலத்தில், துள்ளிக்கொண்டே இருக்கும் ஒரு வெள்ளைப் புள்ளியைக் கைப்பிடியாலும் கால் மிதிகளாலும் அடக்கி நடுவிலுள்ள கட்டத்துக்குள் வைத்திருக்க வேண்டும். இடையிடையே சிவப்பு விளக்கு எரியும், ஒலி எழும், அவற்றை நெம்புகோலைத் தள்ளி அணைக்க வேண்டும். இன்று எல்லாம் கணினித் திரைக்கு மாறிவிட்டாலும், கண் ஒன்றைப் பார்க்க, காது இன்னொன்றைக் கேட்க, கையும் காலும் தனித்தனி வேலை செய்ய வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. இதில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் பெரும்பாலும் கால்தான். சைக்கிளில் இடக்கையை முன்னே தள்ளினால் சக்கரம் வலப்பக்கம் திரும்பும். விமானத்தில் இடக்காலை முன்னே அழுத்தினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். பத்து வருடம் சைக்கிள் ஓட்டிய உடம்பு, பதற்றத்தில் பழைய பழக்கத்துக்கே ஓடும். காலை மிதிகளில் வைக்கும் முன்பே இந்த வேறுபாட்டை அறிந்தவர் பாதி கிணற்றைத் தாண்டியவர். மீதியைத் தேர்வறையில் சொல்லப்படும் விளக்கத்தைக் கவனமாகக் கேட்டுத் தாண்ட வேண்டியதுதான்.

அடுத்தது கருவிகளைப் படிக்கும் பகுதி. என் தொழில் இதுவாக இருந்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்தருள்க. செயற்கை அடிவானம் என்ற கருவியில் மேல்பாதி நீலமாகவும் கீழ்ப்பாதி பழுப்பாகவும் இருக்கும். நடுவில் ஒரு சிறிய விமானக் குறி அசையாமல் நிற்கும். விமானம் இடப்பக்கம் சாய்ந்தால் குறி சாயாது, அடிவானக் கோடுதான் சாயும். அதுவும் இட முனை உயர்ந்து வல முனை தாழ்ந்து சாயும். முதன்முதலில் பார்ப்பவர்கள் பத்தில் எட்டுப் பேராவது இதை வலப்பக்கச் சாய்வு என்றே சொல்லுவார்கள். பேருந்து வளைவில் சாயும்போது சன்னலுக்கு வெளியே தெரு எந்தப் பக்கம் சாய்வதுபோலத் தெரிகிறது என்று பார்க்கச் சொல்லுவேன். ஒருநாள் பார்த்துவிட்டால் பிறகு தவறாது. ரஷ்ய விமானங்கள் பலவற்றில் இதே கருவி நேர்மாறாக, கோடு நிலையாக நிற்கக் குறி சாயும்படி அமைந்திருக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். எந்த முறை என்று தேர்வறையில் விளக்குவதைக் கேட்காமல் பழக்கத்தில் பதில் எழுதுபவர் அங்கேயே விழுவார்.

ஆல்ட்டிமீட்டர் எனப்படும் உயரமானி கடிகாரம் போன்றதுதான், ஆனால் வட்டத்தில் பன்னிரண்டு இராது, பத்துப் பகுதிகள் இருக்கும். பெரிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிரம் அடி, சிறிய முள் ஒரு சுற்றுச் சுற்றினால் பத்தாயிரம் அடி. சிறிய முள் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும் பெரிய முள் ஐந்திலும் நின்றால் 3,500 அடி. பத்தாயிரங்களைக் காட்ட இன்னொரு குறியும் உண்டு, அதைக் கவனிக்காமல் உயரத்தைப் பத்தாயிரம் அடி பிழையாகப் படித்து விமானங்கள் தரையில் மோதிய வரலாறும் உண்டு. திசை காட்டும் வட்டத்தில் கடைசிப் பூச்சியத்தை எழுத மாட்டார்கள். 33 என்றிருந்தால் அது 330 பாகை, வடமேற்கைத் தாண்டி வடக்கை நெருங்கும் திசை. வேகம் நாட் கணக்கில் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதைக் காட்டும் கருவி நிமிடத்துக்கு எத்தனை அடி என்று சொல்லும். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, “இந்த விமானம் தென்மேற்கு நோக்கி, இடப்பக்கம் சாய்ந்து, இறங்கிக்கொண்டிருக்கிறது” என்று சில நொடிகளில் சொல்லத் தெரிய வேண்டும். அவ்வளவுதான், ஆனால் அந்தச் சில நொடிகள்தாம் கடினம்.

எங்கள் தெருவிலிருந்து வரும் ஒரு மாணவி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர், இப்போது இயற்பியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறார். காகிதத்தில் வரைந்த கருவி முகப்புகளைக் காட்டித் தமிழில் கேட்டால் என்னைவிட வேகமாகப் பதில் சொல்லுகிறார். அதே கேள்விகளை ஆங்கிலத்தில் வேகமாக வாசித்தால், சொற்களை மனத்துக்குள் மொழிமாற்றிக்கொண்டே பின்தங்கிவிடுகிறார். ஏஎஃப்கேட் வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வரும், தேர்வு வாரியத்தின் விளக்கங்களும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆக, தமிழ்வழிப் பிள்ளைகள் தோற்பது கையாலோ அறிவாலோ அன்று, காதால். கருவியின் செயல்பாட்டை முதலில் தமிழில் முழுமையாகப் புரிந்துகொண்டு, பிறகு அதற்குரிய ஆங்கிலச் சொல்லை அதன்மேல் ஒட்டிக்கொண்டால் இந்தப் பின்னடைவு வெகுவாகக் குறைவதை மூன்று மாதங்களாகக் கண்கூடாகப் பார்க்கிறேன். பெரிய தொகை வாங்கும் மையங்கள் இதைச் செய்வதில்லை. ஜாய்ஸ்டிக் ஒன்றை மேசைமேல் வைத்துப் புகைப்படம் எடுத்து விளம்பரம் செய்வது அவர்களுக்கு எளிது.

பணம் கட்டும் முன் பெற்றோர் செய்ய வேண்டிய இன்னொரு காரியத்தையும் கட்டுரை விட்டுவிட்டது. விமானிக்கான உடல் அளவுகள் திட்டவட்டமானவை. உயரம் 162.5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. உட்கார்ந்த உயரம் 81.5 முதல் 96 வரையிலும், கால் நீளம் 99 முதல் 120 வரையிலும் இருக்க வேண்டும். தொடை நீளம் 64 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆபத்து நேரத்தில் விமானி இருக்கையோடு வெளியே வீசப்படும்போது முழங்கால் விமானி அறையின் முன்பக்கத்தில் அடிபடக் கூடாது என்பதுதான் தொடை நீளத்துக்கு வரம்பு வைத்ததன் காரணம். இந்த அளவுகள் பயிற்சியால் மாற்றக்கூடியவை அல்ல. தையற்காரர் நாடாவோடு சுவரோரம் பத்து நிமிடம் செலவழித்தால் வீட்டிலேயே தோராயமாகத் தெரிந்துவிடும். கிட்டப்பார்வை கூடாது, நிறங்களைப் பிரித்தறியும் பார்வை குறையின்றி இருக்க வேண்டும் என்ற விதிகளும் உண்டு. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலோ வேறெங்கோ ஒருமுறை காட்டிவிடுவது, இரண்டு வருடக் கனவை வளர்த்துக் கடைசியில் பெங்களூரு மருத்துவப் பரிசோதனையில் அறிந்துகொள்வதைவிட நல்லது.

எழுத்துத் தேர்வைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. 2 மணி நேரம், 100 கேள்விகள், 300 மதிப்பெண்கள், தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பு என்று கட்டுரையில் வந்தவை சரியானவையே. முறையாகப் படிக்கும் பட்டதாரிக்கு அது தாண்டமுடியாத சுவர் அன்று.

ஆகவே, அந்த ஒரு வரிக்கான திருத்தத்தை அதே கல்விப் பக்கத்தில், கட்டுரை வந்த அளவு எழுத்திலேயே வெளியிட வேண்டுகிறேன். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டால் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பவர்கள் கண்ணில் அது படாது. கூடவே, விமானக் கருவிகளை வாரம் ஒன்றாகப் படத்தோடு தமிழில் விளக்கும் சிறு பகுதி ஒன்றை எட்டு வாரங்களுக்குத் தாங்கள் வெளியிட முன்வந்தால், என் பிள்ளைகளுக்காக நான் கையால் வரைந்து வைத்திருக்கும் நாற்பதுக்கு மேற்பட்ட முகப்புப் படங்களை எந்தக் கட்டணமும் இன்றித் தரத் தயாராக இருக்கிறேன். படங்கள் அழகாக இரா, ஆனால் முட்கள் சரியான இடத்தில் இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற விமானப்படை இன்ஸ்ட்ருமென்ட் ஃபிட்டர்,
சேலையூர், சென்னை.