டிக் போட்ட கட்டத்துக்குள் எந்தத் தமிழ்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், வாயால் சொன்னால் கேட்டுச் செய்யும் குரல் உதவிச் செயலிகளின் சந்தை பற்றி வந்த கட்டுரையோடு ஓர் அட்டவணை போட்டிருந்தீர்கள். இடப்பக்கம் செயலிகள், மேலே மொழிகள், தமிழுக்கு நேரே சில இடங்களில் பச்சை டிக். அந்த டிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். கும்பகோணத்தில் 14 வருடமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறேன். "தமிழ்ல பேசினா கேக்குமா?" என்று வாரத்துக்கு நாலு பேராவது விசாரிக்கிறார்கள். கேட்கும் என்று சொல்லி விற்றுவிட்டு, மறுநாள் அவர்கள் முகத்தில் முழிப்பவன் நான்.

பூ கட்டி விற்கும் பெரியம்மா ஒருவர், மகன் அனுப்பிய டச் போனோடு போன மாதம் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. மைக் பட்டனைக் காட்டிக் கொடுத்தேன். "விடியக்காலம் நாலரைக்கு எழுப்பி வுடு" என்றார், வீட்டுப் பிள்ளையிடம் சொல்வதுபோல. சொன்னது அநேகமாக அப்படியே திரையில் எழுத்தாக விழுந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அடுத்த நொடி, அதிகாலையில் எழுவதன் நன்மைகள் என்று நாலைந்து இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. அலாரம் வைக்கவில்லை. "ஏந்தம்பி, நன்மை தெரியாமலா நான் முப்பது வருசமா எந்திரிக்கிறேன்?" என்றார் பெரியம்மா. மகனுக்குப் போன் போடச் சொன்னால் அதுவும் போகவில்லை; பெயர் இங்கிலீஷ் எழுத்தில் பதிந்திருந்தது. தமிழில் மாற்றிப் பதிந்தபின், மூன்றாவது தடவையில் போனது.

அந்தப் போனுக்கும் உங்கள் அட்டவணையில் டிக் விழும். தவறென்று சொல்ல மாட்டேன். சொன்னதை எழுத்தாக்குவது ஒரு வேலை, அதற்கு என்ன அர்த்தமென்று பிடிப்பது இன்னொன்று, பிடித்ததைச் செய்து முடிப்பது வேறொன்று. முதலாவதைத் தாண்டாத செயலிக்கும் மூன்றையும் செய்கிற செயலிக்கும் ஒரே டிக் என்றால் வாங்குகிறவருக்கு என்ன தெரியும்?

எந்த மொழி எப்போது வந்தது என்பதையும் கட்டுரை தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. அங்கேதான் சந்தையின் குணம் தெரிகிறது. ஆப்பிளின் 'சிரி' (பெயர் மட்டும் தமிழ்!) 2011இல் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனோடு வந்தது. 2015 ஏப்ரலில் டேனிஷ், சுவீடிஷ், தாய் எல்லாம் சேர்ந்தன. டென்மார்க்கின் மக்கள்தொகை 60 லட்சத்தைத் தொடாத காலம் அது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. அதே ஏப்ரலில் நமக்கு வந்தது என்ன தெரியுமா? 'இந்திய ஆங்கிலம்'. ஆங்கிலத்துக்கு நடுவே தமிழைக் கலந்து பேசினால் புரிந்துகொள்ளும் வசதி 2024இல்தான் வந்தது.

கூகுள் அசிஸ்டன்ட் 2019லேயே தமிழுக்கு வந்துவிட்டது. தமிழ்ப்பற்று இல்லை, எட்டாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போன் எல்லார் கையிலும் இருந்தது, தேடுகிறவர் கூடினால் விளம்பரம் கூடும். அமேசானின் அலெக்சா 2017 அக்டோபரில் இந்தியாவுக்கு வந்து, 2019 செப்டம்பரில் இந்தி பேசியது. அடுத்தது நம் முறை என்று காத்திருந்ததுதான் மிச்சம். குரல் உதவியை யாரும் தனியாக விலை போட்டு விற்பதில்லை. ஒருவர் போன் விற்கிறார், ஒருவர் விளம்பரம், ஒருவர் கடைச்சரக்கு. அந்தச் சரக்கை வாங்க எந்த மொழிக்காரர் வருவார் என்ற கணக்கில்தான் மொழிக்கு வரிசை எண் கிடைக்கிறது.

இந்தக் கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் அறிவிக்கிற பெட்டி இன்று தள்ளுவண்டியில்கூட இருக்கிறது. மாதா மாதம் கம்பெனிக்கு வாடகை வருகிறதே! ஆனால் அது வாய் மட்டும் உள்ள பெட்டி. பத்து இருபது வாக்கியத்தைப் பேச வைப்பது சுலபம், கேட்க வைப்பதில்தான் செலவு. குரலால் பணம் அனுப்பும் ஹலோ யுபிஐ வசதியை 2023 செப்டம்பரில் அறிவித்தபோது முதலில் இந்தியும் ஆங்கிலமும்தான் என்றார்கள்.

கேட்க வைப்பதில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இயந்திரத்துக்குப் பழக்கும் குரல் பதிவுகளில் கணிசமான பங்கு, ஒருவர் முன்னால் வாக்கியத்தைக் காட்டிப் படிக்கச் சொல்லி எடுப்பது. நம்மவர் கையில் காகிதத்தைக் கொடுத்ததும் நாக்கு மாறிவிடும். "போறேன்" என்று நாள் முழுக்கச் சொல்கிறவர் "செல்கிறேன்" என்று படிப்பார். செய்தி வாசிப்பவரிடம் பாடம் கேட்ட இயந்திரத்துக்கு "எழுப்பி வுடு" எப்படிப் பிடிபடும்? சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் 22இலும் மக்களை அவர்கள் போக்கில் பேசவிட்டுப் பதிவுகளைச் சேர்த்து, யாரும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. உங்கள் கட்டுரையில் பெரிய கம்பெனிகள் எல்லாம் இருந்தன, இது இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் பட்டது.

அடுத்தமுறை அட்டவணை போடும்போது ஒன்று செய்யுங்கள். உங்கள் அலுவலகத்திலேயே கணினிப் பக்கம் போகாத ஒருவரைக் கூப்பிட்டு, டீ வாங்கி வருபவரானாலும் சரி, ஐந்தே வேலைகளை அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். அலாரம், போன், பஸ் நேரம், மின்கட்டணம், நாளைக்கு மழை வருமா. எத்தனை நடந்தது என்று அந்தக் கட்டத்துக்குள் எண்ணாகப் போடுங்கள். டிக் வேண்டாம்.

பெரியம்மாவுக்கு நானே தினமும் நாலரைக்கு அடிக்கும்படி அலாரம் வைத்துக் கொடுத்துவிட்டேன். மகள் வீட்டில் தங்கிய அன்றும் அடித்து, பேரப்பிள்ளைகளை எல்லாம் எழுப்பிவிட்டதாம். "நிறுத்து, நிறுத்துன்னு கத்தினேன் தம்பி, அது எங்க கேக்குது?" என்று நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
செல்போன் கடைக்காரர் ஒருவர்,
கும்பகோணம்