அது மக்கொண்டே பொம்மை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஆப்பிரிக்க மரச் சிற்பக் கட்டுரையில், ஒரு சாண்கூட இல்லாத பெண் உருவம் ஒன்றுக்கு 'மக்கொண்டே பொம்மை' என்று படக்குறிப்பு போட்டிருந்தீர்கள். திருத்த வேண்டும். கைகால் இல்லாத உருளை உடல், சிறிய மார்பு, தொப்புள், தலையில் இரட்டைக் கொண்டை. இது தான்சானியாவின் சராமோ மக்கள் செதுக்கும் 'முவானா ஹிதி'. அண்டையிலுள்ள குவேரே மக்களிடமும் இந்த வடிவம் உண்டு. மக்கொண்டே மக்களோ தெற்கே மொசாம்பிக் எல்லையோரத்தவர்கள். அவர்கள் சிற்பமரபே வேறு.

முவானா ஹிதி என்றால் மரப்பிள்ளை. விளையாட்டுச் சாமானும் அல்ல. பருவமெய்திய பெண்ணைத் தனியே உள்ளிருத்தி வைக்கும் காலத்தில் அவளுக்கு 'முவாலி' என்று பெயர். அப்போது இந்தப் பிள்ளையை அவளிடம் ஒப்படைப்பார்கள். தான் குளித்தால் அதையும் குளிப்பாட்ட வேண்டும். தனக்கு எண்ணெய் பூசினால் அதற்கும் பூச வேண்டும். பேணாமல் விட்டால் பிள்ளைப்பேறு தட்டிப்போகும் என்பது நம்பிக்கை. முன்பு மாதக்கணக்கில் நீண்ட இந்த அடைப்பு, பெண்கள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் வெகுவாகச் சுருங்கிவிட்டது. சராமோக்களின் குலம் தாய்வழியில் வருவது. அதனால்தான் இதே பெண்ணுருவத்தை ஊன்றுகோலின் தலையிலும் கல்லறைக் கம்பத்திலும்கூடக் காணலாம்.

சடங்கில் இன்னொரு மரமும் உண்டு: முக்கோலே. நம் சடச்சி மரத்தின் இனம். பெண்மைக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் அடையாளமான அந்த மரத்தடிக்குப் பெண்ணை அழைத்துப் போவார்கள். மரம் இல்லாவிட்டால் சடங்கை எங்கே செய்வது?

செதுக்கும் மரங்களில் ஒன்று முப்பிங்கோ. ஈட்டி மரத்துக்கு உறவு. வைரம் எனப்படும் நடுமரம் கறுப்பு, தண்ணீரில் மூழ்கும் கனம். வெட்டும் பருவத்துக்கு வர 70 முதல் 100 ஆண்டு ஆகும். வெட்டிய கட்டையை வெயிலில் போட்டால் முனையிலிருந்து வெடித்துப் பிளக்கும். முனைகளில் மெழுகு பூசி நிழலில் மெல்ல உலர்த்தினால்தான் உளி, 'தேசோ' என்னும் கைவாச்சி இரண்டுக்கும் நிற்கும். வெளிறிய மேல்மரத்தை நீக்கிவிட்டு, கீறலும் பொந்தும் இல்லாத வைரம் தேடினால் ஒரு கட்டையில் மிஞ்சுவது சொற்பமே.

இத்தனை மெதுவாக வளரும் மரத்துக்கு எமன் கரிமூட்டம். சராமோக்களின் மிசிசிமா கிராமத்தருகே 1860-களில் சான்சிபார் சுல்தான் எழுப்பத் தொடங்கிய நகரம் தாருஸ்ஸலாம். அதன் அடுப்புகளுக்கு வெகுகாலமாகக் கரிதான் முக்கிய எரிபொருள். நகரத்துக்கு அருகிலிருக்கும் பூகு, கசிம்சும்ப்வி காடுகள் காப்புக்காடுகளாக இருந்தும் தப்பவில்லை. பச்சை மரத்தை வெட்டி அடுக்கி, புல் பரப்பி, மண்ணால் மூடி, ஒரு முனையில் தீ வைப்பார்கள். ஈரத்தை விரட்டவே வெப்பம் வீணாகும்; மண்ணில் வெடிப்பு விழுந்தால் காற்று புகுந்து கரி சாம்பலாகிவிடும். 100 கிலோ மரத்துக்கு 10 முதல் 20 கிலோ கரி தேறும். மரத்தைக் காயவிட்டு, நெருக்கமாக அடுக்கி, புகைபோக்கி வைத்தால் 25 கிலோவுக்கு மேலும் எடுக்கலாம். ஆனால் ஒளிந்து எரிப்பவருக்கு மரம் காயும்வரை பொறுக்க நேரம் ஏது? காவலை மட்டும் கூட்டினால் அவசரம் கூடும், அதே கரிக்கு இன்னும் அதிக மரம் விழும். நகரத்து அடுப்பை மாற்றாமல் காட்டைக் காக்க முடியாது என்பதே எங்கள் கருத்து.

பூகு குன்றுகளில்தான் முசிம்பாசி ஆறு பிறந்து தாருஸ்ஸலாம் வழியே கடலில் கலக்கிறது. மேலே மரம் போனால் மழைநீர் தங்காது, மண்ணை அரித்துக்கொண்டு வரும். ஆற்றுப்படுகை தூர்ந்து கீழே ஜங்வானித் தாழ்நிலத்தில் வெள்ளம் ஏறும். இதையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். அதற்கு முன், அடுத்த இணைப்பிலேயே அந்தப் படக்குறிப்பில் 'சராமோ' என்று திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்