பெஞ்சு எந்தப் பக்கம் என்று சொல்

பாப்பா,

போன ஞாயிறு நீ போன் செய்து கல்லூரிக் கால்பந்து அணியில் கோல்கீப்பர் கோச் வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னபோது, "சரிம்மா, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு போனை அம்மா கையில் கொடுத்துவிட்டேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. 2022 கிறிஸ்துமஸ் லீவில் நான் சொன்ன ஒரு வார்த்தை அந்த நேரம் பார்த்து ஞாபகத்துக்கு வந்துவிட்டது. உன் கல்லூரி அணியில் நீ மாற்று கோல்கீப்பராகவே வெளியே உட்கார்ந்திருந்ததை வைத்து, "மூணு வருஷம் பெஞ்சைத் தேய்ச்சதுதான் மிச்சம்" என்றேன். நீ எதிர்த்துப் பேசவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். ஒரு தட்டுக்கு அவ்வளவு நேரம் தண்ணீர் ஓடியது.

அதைப் பற்றி வாயால் பேச எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று கராஜை ஒழித்தபோது நீ கல்லூரியிலிருந்து கொண்டுவந்து போட்ட பையைத் திறந்தேன். மேலே மூன்று ஜோடி கிளவுஸ். உள்ளங்கை ரப்பர் காய்ந்து அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் அதைத் தண்ணீரில் நனைத்து, வெறும் கையால் பிசைந்து, பிழிந்துவிட்டுப் போட்டுக்கொள்வாயே, அப்போதுதான் பந்து ஒட்டும் என்று பத்து வயதில் எனக்கே பாடம் எடுத்தாய். நேற்றும் அப்படியே வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டேன். இரண்டு ஜோடி மெதுவாகிவிட்டது. ஒன்று தேறாது.

கிளவுஸுக்கு அடியில் ஒரு நோட்டு இருந்தது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கால்பந்து கோச் புரூஸ் அரீனா பேரை நீ என் வாயால் நூறு முறை கேட்டிருப்பாய். நான் வெர்ஜீனியாவுக்கு வந்து இறங்கிய வருடம் 1997. ஊரில் கிரிக்கெட் தவிர ஒன்றும் ஆடாதவன். ஆபீஸ் நண்பர் ஒருவர் அக்டோபர் 26 அன்று வாஷிங்டன் ஆர்.எஃப்.கே. ஸ்டேடியத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அமெரிக்காவின் கால்பந்து லீக்கான எம்.எல்.எஸ். கோப்பை இறுதி ஆட்டம், விடாத மழை, 57,000 பேர் கூட்டம். டி.சி. யுனைடெட் ரசிகர்கள் குதிக்கக் குதிக்க அந்தப் பக்கத்து ஸ்டாண்டே ஏறி இறங்கியது. 2-1 என்று கொலராடோவை ஜெயித்தார்கள். எல்லோரும் பந்தைப் பார்த்தபோது நான் கோட்டுக்கு வெளியே நனைந்துகொண்டு நின்ற டி.சி. கோச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்தான் அரீனா. பந்து அந்தக் கோடியில் இருக்கும்போது அவர் இந்தக் கோடியைப் பார்த்தார். ஏன் என்று அன்று புரியவில்லை. அவர் கோல்கீப்பராக இருந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்தது 2002 உலகக் கோப்பை. உனக்கு அப்போது இரண்டு மாதம். இரவெல்லாம் தூங்க மாட்டாய், விடிகிற நேரம் என் முறை. ஜூன் 5 காலை ஐந்து மணிக்கு உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் நடந்துகொண்டே அமெரிக்கா போர்ச்சுகலை 3-2 என்று அடித்ததைப் பார்த்தேன். கத்தக்கூட முடியவில்லை, நீ அப்போதுதான் கண் அயர்ந்திருந்தாய். 1998 உலகக் கோப்பையில் 32 நாடுகளில் கடைசியாக வந்த அணியை எடுத்து, நான்கே வருடத்தில் காலிறுதிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் அரீனா. 1930-க்குப் பிறகு அமெரிக்க ஆண்கள் அவ்வளவு தூரம் போனதில்லை. அங்கே ஜெர்மனியிடம் 1-0. நம் பெர்ஹால்டர் அடித்த பந்து கோல் கோட்டில் ஜெர்மனியின் ஃப்ரிங்ஸ் கையில் பட்டதற்கு விசில் ஊதாததை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதெல்லாம் உனக்கு மனப்பாடம். நான் சொல்லாதது, எனக்கே சமீபம் வரை சரியாகத் தெரியாதது, அவருடைய ஆட்டக்காரர் வாழ்க்கை எவ்வளவு சின்னது என்பது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கோல்கீப்பர், கூடவே வலை கட்டிய கம்பால் பந்தைப் பிடித்து வீசும் லக்ராஸும் ஆடினார். 1972-இல் கார்னெல் தேசிய அரையிறுதி வரை போனது. அப்புறம் நியூயார்க் காஸ்மாஸ் தேர்வில் பேர் வந்தும் அணியில் இடமில்லை. 1976-இல் டக்கோமா டைட்ஸ் என்று ஒரு அணிக்கு ஆடினார், அந்த அணி ஒரு வருடத்தோடு மூடிவிட்டது. அமெரிக்காவுக்காக அவர் ஆடியது மொத்தம் ஒரே ஒரு ஆட்டம். 1973 நவம்பர், இஸ்ரேலுக்கு எதிராக, அதுவும் இன்னொரு கோல்கீப்பருக்குப் பதிலாக இடையில் இறங்கியது. அவ்வளவுதான்.

அன்று அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் இருந்திருந்தால் அவரிடமும் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பேன்.

1978-இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகம் அவரை எடுத்தது. கால்பந்துக்குத் தலைமைக் கோச், லக்ராஸுக்கு உதவிக் கோச், இரண்டு வேலை. முதல் தேசியப் பட்டம் வர 1989 ஆனது. பதினோரு வருடம்! அதுவும் பாதிப் பட்டம்தான். நான்கு கூடுதல் நேரம் ஆடியும் சான்டா கிளாராவோடு 1-1, முடிவு வராமல் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு 1991 முதல் 1994 வரை வரிசையாக நான்கு. பின்னால் அமெரிக்க அணிக்கு ஆடிய டோனி மியோலா, ஹார்க்ஸ், ரெய்னா எல்லோரும் அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள். மியோலாதான் 1990, 1994 உலகக் கோப்பைகளில் அமெரிக்காவின் கோலைக் காத்தவர். சம்பளம் குறைவு என்று நீயே முந்திக்கொண்டு சொன்னாய் அல்லவா? 2023 வரை கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னிலேயே எத்தனையோ கோல்கீப்பர் கோச்சுகள் வாலண்டியர் என்ற பேரில் சும்மா உழைத்தார்கள். அந்த முறையைக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. எடுத்த பிறகு நீ போகிறாய். வாடகைக்குக் குறைந்தால் என்னிடம் கேள், கூச்சப்படாதே.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. 2002 அணியில் மூன்று கோல்கீப்பர்கள். பிராட் ஃப்ரீடல் எல்லா ஆட்டமும் ஆடினார், இரண்டு பெனால்டியைத் தடுத்தார், எல்லோருக்கும் அவரைத் தெரியும். கேசி கெல்லர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கெல்லர் சாதாரண ஆளா? 1998 கோல்ட் கப் போட்டியில் பிரேசிலை ஒற்றை ஆளாகத் தடுத்து நிறுத்தியவர். அவரிடம் போய் "நீ இல்லை" என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். தானும் இன்னொருவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு மனிதர்தான் அதைச் சொன்னார். நான்கு வருடம் கழித்து 2006-இல் மூன்று ஆட்டத்திலும் அதே கெல்லரைத்தான் நிறுத்தினார். மற்ற இடங்களில் கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்கிவிடலாம். கோல்கீப்பருக்கு அது கிடையாது. ஒருத்தி ஆடினால் இன்னொருத்தி உட்கார வேண்டும். உட்காருபவளை எப்படி வைத்துக்கொள்வது என்று உட்கார்ந்தவளுக்குத்தான் தெரியும். நீ தேய்த்ததாக நான் சொன்ன அந்தப் பெஞ்சில் உனக்கு நடந்தது இந்தப் படிப்புதான். எனக்கு அது தெரியவில்லை. நான் சொன்னது தப்பு.

ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். அரீனா தோற்றதும் உண்டு. 2017 அக்டோபரில் டிரினிடாட்டிடம் 2-1 என்று தோற்று அமெரிக்கா உலகக் கோப்பைக்கே போகவில்லை, மூன்று நாளில் விலகினார். அது ஆட்டம், போகட்டும். 2021-இல் நியூ இங்கிலாந்து அணி அவர் கையில் 73 புள்ளி எடுத்தது, அதுவரை எம்.எல்.எஸ்.ஸில் யாரும் எடுக்காதது. அதே இடத்தில் 2023-இல், புண்படும்படி, பொருத்தமில்லாமல் பேசினார் என்ற புகாரை லீக் விசாரித்தது, தவறுகள் செய்தேன் என்று சொல்லி விலகினார். எத்தனை கோப்பை எடுத்தவர்! இருபது வயதுப் பிள்ளைகள் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், பாப்பா. ஒரு வார்த்தை எவ்வளவு நாள் உள்ளே கிடக்கும் என்று உனக்கு என்னால் தெரியும்.

சரி, அந்த நோட்டு. அனுமதி இல்லாமல் படித்தேன், மன்னித்துவிடு. 2021 ஆகஸ்டில் ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பக்கம். எந்த நம்பர் பெண் கார்னரில் முதல் கம்பத்துக்கு ஓடுகிறாள், பெனால்டிக்கு ஓடி வரும்போது யாருடைய ஊன்றுகால் எந்தப் பக்கம் திரும்புகிறது, எல்லாம் அம்புக்குறி போட்டு. நடுநடுவே நம் அணி முதல் கோல்கீப்பரைப் பற்றி: "இடது பக்கம் தாழ்வாக வந்தால் முதல் அடியைப் பின்னால் வைக்கிறாள். வார்ம்-அப்பில் அங்கேயே இருபது அடிக்கணும்." உன் இடத்தில் ஆடுகிறவளுக்காக நீ இருபது பந்து அடித்திருக்கிறாய். நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து, இவளை ஏன் இறக்க மாட்டேன் என்கிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

2023 செப்டம்பரில் ஒரு பக்கம் பாதியில் நிற்கிறது. "31-வது நிமிடம், 14-ஆம் நம்பர்" என்று எழுதியிருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பேனாக் கோடு மட்டும் கீழே இழுபட்டிருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு விரல் உடைந்து உன்னை உள்ளே அனுப்பியது அப்போதுதானே? அன்று நான் வரவில்லை. வேலை இருந்தது என்று உன்னிடம் சொன்னேன். வேலை இல்லை. இன்னொரு ஆட்டம் நீ உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நோட்டையும் தேறிய இரண்டு ஜோடி கிளவுஸையும் திங்கட்கிழமை பார்சலில் போடுகிறேன். அம்மா பருப்புப்பொடியும் எலுமிச்சை ஊறுகாயும் வைக்கிறாள், ஊறுகாய் பாட்டிலை நேராகவே வைத்துத் திற. ஆகஸ்டில் உங்கள் முதல் ஆட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். பெஞ்சு எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. அதற்கு நேர் எதிரில் டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா