கடிதம் எழுதித் தந்தவருக்கும் காசு அனுப்பியவருக்கும்

அன்பான உறவுகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து வணக்கம்.

தாயையோ தகப்பனையோ, சிலவேளை இருவரையுமே இழந்த பிள்ளைகள் உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தாண்டிப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பின்னும் வசதியில்லாமல் அதை விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த உதவித் திட்டம் நடக்கிறது. இவ்வருடமும் பலருடைய கைகள் சேர்ந்ததால்தான் அது நடந்தது. காசு தந்தவர்களுக்கு நன்றி சொல்வது வழமை. இம்முறை ஒரு கையொப்பத்தாலும், ஒரு போட்டோக் கொப்பியாலும், ஒரு இரவு படுக்கத் தந்த பாயாலும் உதவியவர்களையும் சேர்த்தே எழுதுகிறோம். எங்கள் அனுபவத்தில் பிள்ளைகள் தவறிப்போகிற இடம் முதல் மூன்று நான்கு மாதங்கள்தான். அந்த மாதங்களில் தேவைப்பட்டவை இவைதான்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தெரிவு வெளியானதும் பதிவுக்கு ஒரு கடைசித் திகதி குறிப்பார்கள். அது தப்பினால் இடம் போய்விடும். அதன்பிறகு கம்பஸ் பதிவு, மருத்துவ அறிக்கை, விடுதிக் கட்டணம், பயணம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கிற உதவிப்பணமாக மகாபொல உண்டு, பர்சரி உண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டில் ஒன்றுதான். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகவும், பர்சரி 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாகவும் கூட்டப்பட்டன. நல்ல காரியம். ஆனால் விண்ணப்பம் போய், வருமானம் சரிபார்த்து, பட்டியல் வந்து, முதல் தவணை கணக்கில் விழுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உழைக்கிற ஆள் இல்லாத வீட்டில் அந்த இடைவெளியை வட்டிக்கு வாங்கித்தான் நிரப்புவார்கள். அதனால்தான் எங்கள் உதவியில் பெரும்பங்கை முன்னுக்கே கொடுக்கிறோம்: பதிவுக்கு முன் ஒரு தொகை, புறப்படுகிற வாரம் ஒரு தொகை, அதற்குப் பிறகு மாதாமாதம்.

முதல் நன்றி கிராம அலுவலர்களுக்கு. ஊரில் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறோம். அவர் தருகிற உறுதிப்படுத்தல் கடிதத்தில் இறந்தவரின் பெயரும் திகதியும் இறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். பிள்ளை இப்போது யாருடைய பராமரிப்பில் என்று இருக்க வேண்டும். வருமானம் மாதத்துக்கா வருடத்துக்கா என்பது தெளிவாக இருக்க வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் அடிக்கடி பிழை வரும். மாத வருமானம் வருடக் கட்டத்தில் ஏறினால், இவ்வளவு குறைந்த காசில் ஒரு குடும்பம் எப்படிச் சீவிக்கும் என்று கேட்டுத் திருப்பிவிடுவார்கள். வருட வருமானம் மாதக் கட்டத்தில் ஏறினால் பிள்ளைக்குத் தகுதியே இல்லாமல் போகும். கடிதத்துக்குப் பிரதேச செயலாளரின் மேலொப்பமும் வேண்டும். ஆகவே ஒரு பிழையைத் திருத்த இரண்டு கந்தோர் ஏறி இறங்க வேண்டும். தோட்டக் கூலிக்குப் போகும் தாய்க்கு அது இரண்டு நாள் சம்பளம். கடிதத்தைக் கையில் கொடுக்கு முன் சான்றிதழை அருகில் வைத்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்த விதானைமாருக்கும், மக்கள் சந்திப்பு நாள் இல்லாத நாளிலும் திருத்தித் தந்தவர்களுக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

பெயர்ச் சிக்கல் இன்னொன்று. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் ‘இராசையா’, இறப்புச் சான்றிதழில் ‘இராசா’. செத்தவீட்டு அவதியில் பதிவுக்குப் போன உறவினர் வீட்டில் கூப்பிட்ட பெயரையே சொல்லியிருப்பார். அந்த இரண்டு எழுத்து, பத்துப் பதினைந்து வருடம் கழித்து, இருவரும் ஒருவர்தானா என்று கேட்கும். முறையான திருத்தம் பதிவாளர் ஊடாகத்தான். அதற்கு நாள் எடுக்கும். அதுவரைக்கும் சத்தியக்கடதாசி முடித்து விண்ணப்பத்தோடு இணைக்கலாம். இந்தப் பிள்ளைகளிடம் ஒரு சதமும் வாங்காமல் கையொப்பமிட்ட சமாதான நீதவான்களை நன்றியோடு நினைக்கிறோம். இடப்பெயர்வில் சான்றிதழே தொலைந்துபோன வீடுகளும் உண்டு. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி எடுப்பது சுலபம், தெரியாவிட்டால் தேடுதலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். பழைய பதிவுகளைப் பொறுமையாகப் புரட்டிக் கண்டுபிடித்துத் தந்த பிரதேச செயலக உத்தியோகத்தர்களுக்கும் நன்றி.

தகப்பன் காணாமற்போன வீடுகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அங்கே இறப்புச் சான்றிதழ் இல்லை. எடு என்று ஒரு தாயிடம் நாங்கள் சொல்லவும் மாட்டோம். அந்தத் தாளில் ஒப்பமிடுவது அவர் செத்துவிட்டார் என்று தன் கையாலே எழுதுவதாகும். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணாமற்போயிருக்கிறார் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற வழியிருக்கிறது. அதுவும் எடுக்க மனமில்லாதவர்களிடம் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியும் விதானையாரின் கடிதமும் இருந்தால் எங்களுக்குப் போதும். இந்த விதிக்குச் சம்மதித்த கொடையாளர்களுக்குத் தனியாக நன்றி. ‘இறந்தவரின் பிள்ளை’ என்று மட்டும் வரையறுத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் வெளியே நின்றிருப்பார்கள்.

வங்கிகளில் உதவியவர்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். பல பிள்ளைகளிடம் இருந்தது பள்ளிக்கூடக் காலத்தில் திறந்த சிறுவர் கணக்கு. 18 வயதானபின் அடையாள அட்டையோடு போய் அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றாவிட்டால் காசு வரும், எடுக்க முடியாது. நெடுநாள் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கென்றால் முடங்கிக் கிடக்கும். பதிவுக்கு முதல்நாள் இது தெரியவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இப்போது பெறுபேறு வந்த வாரத்திலேயே வங்கிப் புத்தகத்தைக் கேட்கிறோம். உதவிப் பணம் பிள்ளையின் சொந்தக் கணக்குக்கே போகிறது. வீட்டுக் கடன்காரர், நுண்கடன் வசூலுக்கு வருபவர் எல்லோரும் தாயின் கணக்கையும் கையையும் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். பிள்ளையின் விடுதிக் கட்டணம் அங்கே கரைந்துவிடக் கூடாது.

கொமினிகேசன் கடைக்காரர்களை மறக்கவில்லை. கைபேசியில் எடுத்த, விரல் நிழல் விழுந்த சான்றிதழ்ப் படங்களை நிராகரித்துவிடுவார்கள். நேராக ஸ்கேன் செய்து, பக்கங்களை ஒழுங்காக ஒரே பீடிஎப் ஆக்கி, கேட்ட அளவுக்குள் சுருக்கி, பதிவேற்றிய பற்றுச்சீட்டையும் அச்சிட்டுக் கொடுத்தீர்கள். பணமும் வாங்கவில்லை.

வெளிநாட்டு உறவுகளுக்கு நன்றியோடு ஒரு விளக்கமும். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் மாதாமாதம் சிறு தொகை அனுப்பியவர்கள், பேசிய தொகை இங்கே முழுதாக வரவில்லை என்று வருந்தினீர்கள். இடையில் வரும் வங்கி ஒவ்வொரு தடவையும் கட்டணம் கழிக்கும். நாங்கள் கேட்டபடி மூன்று மாதத் தொகையைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பத் தொடங்கியதும் அந்தக் கழிவு மூன்றில் ஒன்றாகிவிட்டது. அது பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசு.

இங்குள்ள சில குடும்பங்கள் தங்கள் வீட்டுப் பெரியவரின் 31ஆம் நாளுக்கு அச்சடிக்கும் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தைக் குறைந்த பிரதிகளாக்கி, மிச்சக் காசை ஒரு பிள்ளையின் முதலாம் வருட விடுதிச் செலவுக்குத் தந்தார்கள். துக்கத்தின் நடுவில் இன்னொரு வீட்டுத் துக்கத்தை நினைத்தீர்கள். உங்களை நினைக்கும்போது மனம் நெகிழ்கிறது.

மேடை போடாமல், பெரிய காசோலைப் படம் பிடிக்காமல், பிள்ளையின் முகத்தை முகநூலில் போடாமல் கொடுக்கச் சம்மதித்த அனைவருக்கும் நன்றி. அப்பா இல்லாத பிள்ளை என்பது கம்பஸில் முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கத் தேவையில்லை. நாங்கள் கணக்கைத்தான் காட்டுவோம். வரவு, செலவு, வங்கிக் கூற்று மூன்றும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை உங்களுக்கு வரும்.

மடிகணினி தந்தவர்கள் இதைக் கவனித்தால் அடுத்த முறை இன்னும் உதவியாக இருக்கும். பழைய அலுவலகக் கணினிகள் சில நிறுவனக் கடவுச்சொல்லோடு பூட்டியபடியே வந்தன. அதை இங்கே திறக்க முடியாது, தந்த நிறுவனமே விடுவிக்க வேண்டும். நினைவகம் 8 ஜிபி இருந்தால் பொறியியல் மாணவருக்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். 4 ஜிபி என்றால் எழுத்து வேலைக்கு மட்டும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற் என்று போட்டிருந்தால் இங்கே பிரச்சினையில்லை, முளை மாற்றி (பிளக் அடாப்டர்) ஒன்று போதும். சுவிஸ், ஜேர்மன் விசைப்பலகைகளில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அதையெல்லாம் மாற்றி, விசைகளில் சிறு ஒட்டி ஒட்டி, பற்றரி பார்த்துத் தந்த திருத்துநர் தம்பிமாருக்கு நன்றி.

பேராதனையிலும் மொறட்டுவையிலும் வந்தாறுமூலையிலும் படிக்கிற அண்ணாமாருக்கும் அக்காமாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இரவு பஸ்ஸில் போய் விடியற்காலை இறங்குகிற பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், விடுதி கிடைக்கும்வரை உங்கள் றூமில் பாய் போட்டுக் கொடுத்தீர்கள். எந்தக் கவுன்ரருக்கு முதலில் போவது, சிங்களத்தில் என்ன கேட்பது என்று காட்டினீர்கள். அந்த உதவியை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எங்களால் பதிய முடியாது. வாளி, நுளம்புவலை, படுக்கை விரிப்பு, பூட்டு இரண்டு என்று நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியல்தான் இப்போது எங்கள் புறப்பாட்டுப் பொதி. பூட்டு ஏன் இரண்டு என்று முதலில் விளங்கவில்லை. ஒன்று அலுமாரிக்கு, மற்றது பெட்டிக்கு.

கம்பஸ் கிடைக்காமல் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்துக்கும் கோப்பாய் கல்வியியற் கல்லூரிக்கும் போன பிள்ளைகளையும் இவ்வருடம் சேர்க்க முடிந்தது உங்களால்தான்.

அடுத்த தொகுதிக்கான கடித மாதிரியை விதானைமாருக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் கொடுத்திருக்கிறோம். பேராதனைக்குப் போகிற பிள்ளைகளுக்கு இன்னும் சுவெற்றரும் தடித்த போர்வையும் தேவை. வீட்டில் பாவிக்காமல் இருந்தால் தோய்த்துக் காயவைத்துத் தாருங்கள்.

நன்றியுடன்,
உதவித் திட்டக் குழுவினர்
யாழ்ப்பாணம்