பரீட்சை எழுதிய பொடியன்கள்

அன்பு மச்சான் சிவம்,

உன் கடிதம் கிடைத்து மூன்று கிழமையாகிறது. முழங்கால் வலி, அப்புறம் கிணற்று மோட்டரும் பழுது, பதில் எழுதப் பிந்திவிட்டது. மற்றபடி வீட்டில் எல்லாரும் சுகம். முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மா இந்த முறை நல்லாய்க் காய்த்தது. நீ சாப்பிடாத குறைதான்.

உன் பேரன் கம்பஸில் ஏதோ கட்டுரை எழுதுகிறான் என்று எழுதியிருந்தாய். இலங்கை மாதிரி நாடுகள் ஏன் அடிக்கடி குழம்புகின்றன என்பதற்கு வறுமை, இனம், ஊழல் என்று மூன்று தலைப்புப் போட்டிருக்கிறானாம். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வறுமையை முதலில் வைத்திருக்கிறானே, அதில்தான் எனக்குக் கொஞ்சம் வழக்கு இருக்கிறது.

வறுமைதான் காரணம் என்றால் இந்த நாட்டில் முதலில் எழும்பியிருக்க வேண்டியவர்கள் மலையகத்துத் தோட்டத் தொழிலாளர்கள். 1948இல் குடியுரிமையையே பறித்து, லயம் என்கிற வரிசை வீடுகளுக்குள் அடைத்து வைத்திருந்த சனம். அவர்கள் துவக்குத் தூக்கவில்லை. தூக்கியவர்கள் பரீட்சை பாஸ் பண்ணிய பொடியன்கள். தெற்கிலும் அப்படித்தான், வடக்கிலும் அப்படித்தான்.

யோசித்துப் பார். 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார். அருமையான காரியம், அது இல்லாவிட்டால் நீயும் நானும் தோட்டத்தில் வெங்காயம் நட்டுக்கொண்டிருப்போம். ஆனால் பள்ளிக்கூடம் பெருகிய வேகத்தில் நாட்டின் பொருளாதாரம் பெருகவில்லை. அது அதே தேயிலை, ரப்பர், தேங்காய். படித்தவனுக்குத் தெரிந்த ஒரே நல்ல வேலை அரசாங்க உத்தியோகம். கொழும்புக் கம்பனிகளுக்கு இங்கிலீஸ் வேண்டும். அநுராதபுரத்தில் என்னோடு வேலை செய்த சிங்கள நண்பரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். 1971 கிளர்ச்சியில் பிடிபட்டு, தடுப்பு முகாமாக மாற்றியிருந்த வித்தியோதய பல்கலைக்கழகத்தில் இருந்தவர். படிக்கப் போக ஆசைப்பட்ட இடத்துக்குக் கைதியாகப் போனேன் என்று சிரிப்பார். இங்கிலீஸுக்கு அந்தச் சிங்களப் பொடியன்கள் வைத்த பெயர் ‘கடுவ’, அதாவது வாள். வைத்திருப்பவன் வாயைத் திறந்தால் இல்லாதவனுக்கு வெட்டு விழும்.

அந்த 1971 ஏப்ரல் உனக்கு ஞாபகம் இருக்கும். ஜே.வி.பி. கட்சிப் பொடியன்கள் பொலிஸ் நிலையங்களை அடித்தார்கள், அரசாங்கம் ஊரடங்கு போட்டது. அவர்களின் தலைவர் ரோகண விஜேவீரவை அப்போது நம்முடைய யாழ்ப்பாணச் சிறையில்தான் வைத்திருந்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? அது சிங்களப் பொடியன்களின் சண்டை என்று சொல்லிவிட்டு, உயர்தரப் பரீட்சைக்குக் கணக்குச் செய்துகொண்டிருந்தோம்.

அதே பிரதமர் சிறிமாவின் அரசு அந்தக் காலத்திலேயே தரப்படுத்தலையும் கொண்டுவந்தது, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிக்கு ஒரு வெட்டுப்புள்ளி. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதியவனுக்கு 400க்கு 250 வேண்டும், சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 போதும். அந்த 21 புள்ளிக்குள் விழுந்தவர்கள் யாரார் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒருத்தன் லண்டன் போனான். இரண்டு பேர் இயக்கத்துக்குப் போனார்கள், திரும்பி வரவில்லை. (1974இல் மாவட்டக் கோட்டா வந்தபோது மன்னார், வவுனியாப் பொடியன்கள் சிலருக்குக் கதவு திறந்ததையும் சொல்லத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்தார் நாங்கள் அதைப் பேசமாட்டோம்.)

இதில் ஒரு வேடிக்கை. அந்த ஆண்டுகளில் நம் ஊரில் காசு இருந்தது. சிறிமா இறக்குமதியை நிறுத்தியதால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை. தெற்கில் சனம் பாணுக்கு வரிசையில் நின்றது, உன் ஐயா மிளகாய் விற்ற காசில் கல்வீடு கட்டினார். கல்வீட்டுக்குள் இருந்துகொண்டுதான் அண்ணனும் தம்பியும் கொதித்தார்கள். 1977இல் ஜெயவர்த்தன சந்தையைத் திறந்தபின் அந்தக் காசும் போனது, அது வேறு.

பேரன் 2022ஐயும் சேர்க்கப் பார்க்கிறானாம். சேர்க்கட்டும், ஆனால் அது வேறு மாதிரி. அங்கே வகுப்பறையை விடத் திறைசேரியைத்தான் பார்க்க வேண்டும். 2019 கடைசியில் ஜனாதிபதி கோட்டாபய வற் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கு இறக்கினார். அப்புறம் கொரோனா வந்து சுற்றுலாவும் படுத்துவிட்டது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடைசெய்து வயலையும் கெடுத்தார்கள். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசே கைவிரித்தது. காலிமுகத்திடலில் கூடாரம் அடித்தவர்கள் பெரும்பாலும் அதுவரை வரிசையில் நின்று பழகாத ஆட்கள். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம்போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த நமக்குப் பெற்றோல் வரிசை புதிதில்லை. ரி.வி.யில் ஜனாதிபதி மாளிகை நீச்சல் குளத்தில் சனம் குதித்துக் குளித்ததைப் பார்த்து நானும் சிரித்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கு நடந்தபோது இவர்கள் எங்கே என்றும் உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது.

பிறகு நடந்ததுதான் நான் கனவிலும் நினைக்காதது. இரண்டு தரம் ஆயுதம் தூக்கித் தோற்ற அதே ஜே.வி.பி.யின் ஆள், அநுரகுமார திசாநாயக்க, 2024இல் வோட்டால் ஜனாதிபதியானார். நாடாளுமன்றத்தில் 225 ஆசனத்தில் அவர்கள் கூட்டணிக்கு 159. யாழ்ப்பாணத்தின் 6 ஆசனத்தில் 3 அவர்களுக்கு. விஜேவீரவை அடைத்து வைத்த ஊர், மச்சான்!

அமைதியா என்று கேட்டிருந்தாய். அமைதிதான். பக்கத்து வீட்டுப் பொடியன் பட்டம் முடித்து மூன்று வருடம் வீட்டில் இருந்தான், இப்போது ஏஜென்சிக்குக் காசு கட்டி ருமேனியா போகப் போகிறான். 2022இல் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். 1971இல் எழும்பிய அந்தப் பொடியன்களுக்கு இப்படிப் போக ஒரு வழி இருக்கவில்லை. போகிறவர்களை எடுக்கிற நாடுகள் நாளைக்குக் கதவைச் சாத்தினால் இவர்கள் எங்கே நிற்பார்கள் என்று தெரியவில்லை.

சரி, உன்னுடைய அந்தக் காலத்துப் பெறுபேற்றுத் துண்டு இன்னும் அலுமாரிக்குள் கிடக்கிறதா? கிடந்தால் எடுத்துப் பேரனிடம் காட்டு. கட்டுரை முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்