ஈஸ்ட் பைக்குள் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பன்றிக் குட்டிகளின் தீனியில் கலக்கிற ஈஸ்ட் தூள் இப்போது யாழ்ப்பாணத்துக் கடைகளிலும் கிடைக்கிறது. வந்தது நல்லதுதான். அதை விற்கிற விதம்தான் சரியில்லை. நான் இளவாலையில் வீட்டு வளவுக்குள் சில தாய்ப்பன்றிகள் வைத்திருப்பவள். குட்டி விற்ற காசில்தான் பிள்ளைகளின் ரியூசன் நடக்கிறது. அதனால் குட்டியின் வயிறு எனக்குப் பெரிய விடயம்.

அண்மையில் ஒரு கடையில் ஈஸ்ட் கேட்டேன். பெரிய சாக்கிலிருந்து அள்ளி, வெறும் பொலித்தீன் பையில் கட்டித் தந்தார்கள். மண்ணிறத் தூள், லேசான பாண் வாசம். பெயர் இல்லை, திகதி இல்லை. "தம்பி, இது உயிருள்ள ஈஸ்டா, செத்ததா?" என்று கேட்டேன். "ஈஸ்ட் எண்டால் ஈஸ்ட்தானே அக்கா. ஒரு கைப்பிடி போடுங்கோ. ஆபிரிக்கக் காய்ச்சலும் கிட்ட வராது" என்றார்.

கைப்பிடியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காய்ச்சல் கதையைப் பொறுக்க முடியவில்லை. ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2024 இறுதியில் இலங்கைக்குள் வந்து எத்தனை கொட்டில்களை வெறுமையாக்கியது என்று எல்லோருக்கும் தெரியும். அது வைரசு நோய். குணப்படுத்த மருந்து கிடையாது. சாப்பாட்டுக் கடைக் கழிவை வடிவாகக் கொதிக்க வைத்துக் கொடுப்பது, முடிந்தால் கொடுக்காமலே விடுவது, வெளியாட்களைச் செருப்போடு கொட்டிலுக்குள் விடாமல் இருப்பது, வாங்கி வந்த பன்றியைக் கொஞ்சக் காலம் தனியே வைப்பது, இவைதான் எங்கள் கையில் இருக்கும் காவல். ஈஸ்ட் அந்த வைரசைத் தடுக்காது. இந்தத் தம்பியின் பேச்சை நம்பி யாராவது கழிவைக் காய்ச்சாமல் ஊற்றினால் பக்கத்து வளவுப் பன்றிகளும் சேர்ந்துதான் போகும்.

அப்படியென்றால் ஈஸ்ட் எதற்கு? பால் மறக்க வைக்கும் நாட்களுக்கு. தாயிடமிருந்து பிரித்ததும் குட்டிக்குப் பாலோடு வந்த நோய்த்தடுப்புச் சத்து நின்றுபோகிறது. இரைப்பையில் அமிலம் இன்னும் போதாது, தவிடும் புண்ணாக்கும் புதிது. குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் விரல்போன்ற மடிப்புகள் அந்த நாட்களில் குட்டையாகிவிடுகின்றன. ஈ.கோலை பற்றீரியா பெருக அது போதும். காலையில் கொட்டிலைத் திறந்தால் வாலடி ஈரம், மஞ்சள் தண்ணியாய்க் கழிச்சல், முதுகு மயிர் குத்திட்டு, குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். முதல் இரண்டு கிழமையைத் தாண்டிய குட்டி பெரும்பாலும் தப்பிவிடும்.

ஈஸ்டின் வேலை இங்கேதான். அதன் கலச்சுவரில் மனன் என்ற சர்க்கரைத் தொடர் இருக்கிறது. ஈ.கோலையில் சில வகைகளுக்கு அந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும் நுண்மயிர்கள் உண்டு. குடற்சுவரில் ஒட்ட வேண்டியது, சாறத்தில் ஒட்டிய ஒட்டுப்புல்லைப் போல ஈஸ்ட் துணுக்கில் ஒட்டிக்கொண்டு சாணத்தோடு வெளியே போய்விடும். அதே சுவரில் இருக்கும் பீற்றா குளுக்கன் நோயெதிர்ப்புக் கலங்களைத் தட்டி எழுப்புகிறது. எல்லா ஈ.கோலையும் இப்படி ஏமாறாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வுகளில் ஒரு பண்ணையில் நல்ல பலன் தெரிந்திருக்கிறது, இன்னொன்றில் வித்தியாசமே இல்லை. ஈரத் தரையையும் நெருக்கத்தையும் வைத்துக்கொண்டு ஈஸ்டை மட்டும் கொட்டிப் பயனில்லை.

ஐரோப்பாவில் இதற்கு மவுசு வந்ததற்குக் காரணம் உண்டு. வளர்ச்சிக்காகத் தீனியில் அன்டிபயோட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 இல் முற்றாக நிறுத்தியது. கழிச்சலுக்குக் கூடிய அளவில் கொடுத்த சிங்க் ஒக்சைட்டையும் 2022 இல் நிறுத்தியது. வேறு வழி தேட வேண்டி வந்தது. நாங்களோ கழிச்சல் வருமுன்பே அன்டிபயோட்டிக் குளிசையை இடித்துத் தண்ணீரில் கலக்குகிறோம். மிருக வைத்தியரைக் கேட்கிறவர்கள் எத்தனை பேர்?

இனி அந்தப் பைக்கு வருகிறேன். உயிருள்ள ஈஸ்ட் ஒன்று, கலச்சுவரை மட்டும் பிரித்தெடுத்த தூள் ஒன்று, பியர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்டை உலர்த்தியது இன்னொன்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே நிறம்தான், விலையும் வேலையும் வேறு. உயிருள்ளதன் பையில் கிராமுக்கு எத்தனை உயிர்க்கலம் என்று இருக்க வேண்டும். நல்ல தயாரிப்புகளில் 1000 கோடி அளவில் போட்டிருப்பார்கள். அதைச் சுடச்சுடக் குருணல் கஞ்சியில் கொட்டினால் செத்துப்போகும். இங்கே எல்லோரும் செய்வது அதுதான். கலச்சுவர்த் தூளுக்கு அந்தச் சூட்டால் பாதகமில்லை. வழக்கமாக 10 கிலோ தீனிக்கு 10 முதல் 20 கிராம் போதும். பியர் ஈஸ்ட் நல்ல புரதம், அதைத் தீனியாகவே கணக்கிட வேண்டும். எந்தப் பை எது என்று தெரியாமல் கைப்பிடிக் கணக்கில் போட்டு, பிறகு ஈஸ்டைத் திட்டி என்ன பிரயோசனம்?

எங்கள் ஊரில் பழைய ஆட்கள் தவறணையிலிருந்து கள்ளு மண்டி வாங்கி வந்து பன்றிக்கு ஊற்றுவார்கள். அதுவும் ஈஸ்ட்தான். ஆனால் பச்சையாக ஊற்றினால் வயிற்றுக்குள் போயும் நொதிக்கும், வயிறு ஊதும், மதுசாரமும் குட்டிக்கு ஆகாது. கொதிக்க வைத்து ஆறவிட்டால் மதுசாரம் பெரும்பாலும் போய்விடும், ஈஸ்ட் செத்தாலும் அதன் சுவரும் பி விற்றமின்களில் பெரும்பகுதியும் மிஞ்சும். நான் மண்டியை அடுப்பில் வைத்தால் பக்கத்து வீட்டார் மூக்கைப் பொத்துவார்கள், அது வேறு கதை. கள்ளுக் காலத்தில் இவ்வளவு மண்டி வீணாய்ப் போகிறதே, குட்டித் தீனிக்கு எவ்வளவு சேர்க்கலாம் என்று பல்கலைக்கழக விவசாய பீடத்தார் ஒருக்கால் பரிசோதித்துப் பார்க்கலாம்.

நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. எந்த வகை ஈஸ்ட், உயிர்க்கலம் எவ்வளவு, பத்துக் கிலோவுக்கு எத்தனை கிராம், சூட்டில் கலக்கலாமா, காலாவதி எப்போது, இவ்வளவும் தமிழில் ஒட்டாமல் விற்க விடக்கூடாது. சாக்கிலிருந்து அள்ளி விற்பவர்களுக்கும் அதே சட்டம்தான். கால்நடைத் திணைக்களத்தார் கடைகளுக்கு ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். கடைக்காரர் யாராவது இதற்குப் பதில் எழுதினால் தயவுசெய்து அதையும் பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
பன்றி வளர்ப்பவள் ஒருத்தி,
இளவாலை.